இண்டிகேட்டர் பல்பு: கழற்றிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

இருசக்கர வண்டி: வாசகர் கேள்வி-பதில்

மழை தொடங்கினால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் இண்டிகேட்டர் புகார்தான் முன்னால் நிற்கும். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தருகிறோம். "பல்பு போயிடுச்சுங்க" என்று பட்டறைக்கு வரும் வண்டிகள் பலவற்றில் பல்பு நன்றாகவே இருக்கும். கெட்டிருப்பது ஹோல்டர், எர்த் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் பாதை), ஒயர், சுவிட்ச் இவற்றில் ஏதோ ஒன்று. புதுப் பல்பு போட்டதும் எரிவதுகூட, கழற்றி மாட்டியதில் துரு உரசிப் போனதால்தான். கீழே வரும் பதில்களை அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

இடது பக்கம் போட்டால் டிக்டிக்கென்று வேகமாக அடிக்கிறது. வலது பக்கம் சரியாக இருக்கிறது. பல்பை வீட்டிலேயே மாற்ற முடியுமா? கடையில் என்ன பல்பு என்று கேட்பது?
(வாசகர், கோபிசெட்டிபாளையம்)

மாற்றலாம். ஸ்டார் திருப்புளி, சுத்தமான துணி, கொஞ்சம் உப்புத்தாள் இருந்தால் போதும்.

இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை அடிக்க வேண்டும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, தலா 10 வாட் என்றால் ஒரு பக்கம் 20 வாட். 12 வோல்ட்டில் இது சுமார் 1.7 ஆம்பியர். ஒரு பல்பு எரியாவிட்டால் இந்த இழுவை பாதியாகும். விளக்கை விட்டுவிட்டு எரிய வைக்கும் சின்னப் பெட்டியான ஃபிளாஷர், எலக்ட்ரானிக் ரகமாக இருந்தால், அதைக் கண்டுகொண்டு வேகத்தைக் கூட்டும். பழைய தகர டப்பா ஃபிளாஷரில் கதை நேர்மாறு. அதற்குள் இருக்கும் உலோகப் பட்டை சூடேறி வளைந்தால்தான் விளக்கு அணையும். மின்சாரம் பாதியாகிவிட்டால் பட்டைக்குச் சூடு போதாது; மிச்சமிருக்கும் பல்பு மெதுவாக அடிக்கும், அல்லது அணையாமல் எரிந்துகொண்டே நிற்கும்.

சாவியைப் போட்டு இடது இண்டிகேட்டரை ஆன் செய்து, முன்னும் பின்னும் போய்ப் பாருங்கள். எரியாதது எது என்று தெரிந்ததும் சாவியை ஆஃப் செய்துவிடுங்கள். லென்ஸைப் பிடித்திருக்கும் ஸ்குரூ பெரும்பாலும் அடியிலோ பின்புறத்திலோ ஒன்று இருக்கும்; சில வண்டிகளில் முகப்பிலேயே இரண்டு. ஸ்குரூ வந்ததும் லென்ஸை நேராகப் பிடித்து இழுக்காதீர்கள். மறுமுனையில் ஒரு நாக்கு பள்ளத்தில் மாட்டியிருக்கும். ஸ்குரூ இருந்த பக்கத்தை முதலில் தூக்கி, அதன்பிறகு நாக்கை விடுவிக்க வேண்டும். வெயிலில் நின்றே காய்ந்துபோன லென்ஸில் முதலில் ஒடிவது இந்த நாக்குதான். உள்ளே ரப்பர் வளையம் இருந்தால் தொலைக்காமல் எடுத்து வையுங்கள்.

பல்பைத் துணியால் பிடித்து, உள்பக்கம் அமுக்கி, அமுக்கியபடியே கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கொஞ்சம் திருப்பி வெளியே எடுங்கள். அமுக்காமல் திருப்பினால் கண்ணாடி மட்டும் பிய்ந்து கையோடு வரும். அப்படி ஆகிவிட்டால் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிவிட்டு, மூக்கு பிளேயரால் பித்தளை விளிம்பைப் பிடித்து, அதேபோல் அமுக்கித் திருப்புங்கள். பித்தளையே இல்லாமல் அடிப்பாகமும் கண்ணாடியாகவே இருக்கும் டி10 ரகம் சில வண்டிகளில் வருகிறது; அதைத் திருப்ப வேண்டாம், நேராக இழுத்தால் வரும்.

இழை அறுந்திருந்தாலோ கண்ணாடிக்குள் கருத்திருந்தாலோ பல்பு போனது நிச்சயம். சந்தேகமாக இருந்தால் மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்துப் பாருங்கள். நல்ல 10 வாட் பல்பு குளிர்ந்த நிலையில் 1, 2 ஓம் அளவில் காட்டும்.

கடையில் வண்டிப் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிடப் பழைய பல்பைக் கையில் கொண்டுபோய்க் காட்டுவது மேல். பித்தளை மேல் பொடி எழுத்தில் 12 வோல்ட், 10 வாட் என்று இருக்கும். நம் சாலைகளில் ஓடும் வண்டிகளில் அதிகம் இருப்பது பி.ஏ.15.எஸ். ரகம்: 15 மி.மீ. விட்டம், அடியில் ஒரே ஈயப் பொட்டு, பக்கவாட்டில் நேர் எதிரெதிரே ஒரே உயரத்தில் இரண்டு முளைகள். கண்ணாடியே ஆரஞ்சாக இருக்கும் பல்புகளில் பெரும்பாலும் முளைகள் நேர் எதிரே இருக்காமல் சற்று விலகி இருக்கும், அது பி.ஏ.யு.15.எஸ். ஒன்று மற்றதன் ஹோல்டரில் ஏறாது. முளையை அரத்தால் ராவி ஏற்றிக் கொடுப்பவர்களும் உண்டு. அது குண்டும்குழியுமான ரோட்டில் ஆடி ஆடிக் கழன்றுவிடும், விட்டுவிடுங்கள். அடியில் இரண்டு பொட்டு இருந்தால் அது டெயில் லேம்ப் பல்பு. பழைய ஜாவா போன்ற வண்டி வைத்திருப்பவர்கள் 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பேட்டரியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

புதுப் பல்பை மாட்டியதும் லென்ஸை மூடுவதற்கு முன் சாவியைப் போட்டு அடிக்கிறதா என்று பாருங்கள். பிறகு நாக்கை முதலில் மாட்டி, ஸ்குரூவை இரண்டு விரல் பலத்தில் மட்டும் முடுக்குங்கள். லென்ஸ் விரிசல் விடுவது அடிபட்டதால் மட்டுமல்ல, அளவுக்கு மீறி முடுக்கியதாலும்தான். ஹாலஜன் ஹெட்லைட் பல்பைப் போல இதையும் விரலால் தொடக்கூடாதா என்று வேறு இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். இந்தச் சின்னப் பல்புக்கு அவ்வளவு பயம் வேண்டாம். துடைத்துவிட்டால் போதும்.

பின் இண்டிகேட்டருக்கு மூன்று பல்பு மாற்றியாயிற்று. போட்ட அன்று எரியும், சில நாளில் நிற்கும். கழற்றிப் பார்த்தால் இழை நன்றாக இருக்கிறது. தட்டினால் எரிகிறது. நார் மில்லில் வேலை, வண்டி தினமும் அங்கேதான் நிற்கும்.
(வாசகர், பொள்ளாச்சி)

நான்காவது பல்பு வாங்காதீர்கள். மூன்றுமே இன்னும் எரியும்.

தேங்காய் நார்த்தூள் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றோடு சாரலும் சேர்ந்தால், லென்ஸுக்குள் புகுந்த தூள் நனைந்தபடியே கிடக்கும். ஹோல்டரின் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும், இரும்பில் துரு ஏறும். இரண்டுமே மின்சாரத்தைத் தடுக்கும். தட்டினால் எரிவதற்குக் காரணம் இதுதான்.

சாவியை ஆஃப் செய்து பல்பை எடுத்துவிட்டு, ஹோல்டருக்குள் ஊதித் தூளை வெளியேற்றுங்கள். 400-ம் எண் உப்புத்தாளை ஒரு பென்சிலில் சுற்றி, உள்சுவர் பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். அடியில் இருக்கும் நடுத் தொடுமுனை ஸ்பிரிங்கோடு மேலும் கீழும் போய்வர வேண்டும். துருப்பிடித்து உள்ளேயே உட்கார்ந்துவிட்டால் பல்பின் ஈயப் பொட்டை அது தொடாது. காண்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு, ஊசியால் நெம்பி மேலே கொண்டுவாருங்கள். ஸ்பிரிங் செத்திருந்தால் ஹோல்டரை மாற்றுவதுதான் வழி. பெட்ரோலை ஊற்றிக் கழுவும் வழக்கம் வேண்டாம். ஒரு பொறி போதும். சுத்தம் செய்த பிறகு பல்பின் அடிப்பாகத்தில் மெல்லிசாக வாசலின் தடவி மாட்டினால் மறுபடி களிம்பு பிடிக்கத் தாமதமாகும்.

இதற்குப் பிறகும் மங்கலாக எரிந்தால் எர்த்தைப் பாருங்கள். பல்புக்கு வரும் பிளஸ்ஸை எல்லோரும் சோதிக்கிறார்கள், திரும்பிப் போகும் பாதையை யாரும் பார்ப்பதில்லை. இண்டிகேட்டர் தண்டு ரப்பர் புஷ்ஷில் உட்கார்ந்திருப்பதால் சேஸிஸ் (வண்டியின் இரும்புச் சட்டம்) வழியாக எர்த் கிடைக்காது. தனியாக ஓர் ஒயர் வரும். ஹோண்டா, ஹீரோ வண்டிகளில் அது பச்சை. இடது இண்டிகேட்டருக்கு ஆரஞ்சு, வலதுக்கு வெளிர் நீலம். யமஹாவில் எர்த் கறுப்பு, இடது அடர் பழுப்பு, வலது அடர் பச்சை. ஹோண்டா பழக்கத்தில் யமஹாவின் பச்சையை எர்த் என்று நினைத்துக் கை வைத்துவிடாதீர்கள்.

சோதிப்பது எளிது. மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸிலும் சிவப்பு முனையை ஹோல்டர் உடம்பிலும் வையுங்கள். இண்டிகேட்டர் எரியும் நொடியில் மீட்டர் பூஜ்யத்தை ஒட்டியே இருக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் ஏறினால் எர்த் சரியில்லை. மீட்டர் இல்லாதவர்களுக்கும் ஓர் அறிகுறி உண்டு: பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரும் லேசாக மின்னுகிறதா? இண்டிகேட்டர் அடிக்கும்போது டெயில் லேம்ப்பும் சேர்ந்து துடிக்கிறதா? அப்படியானால் பின்பக்க விளக்குகள் எல்லாவற்றுக்கும் பொதுவான எர்த் ஒயர் எங்கோ விட்டிருக்கிறது. சீட்டுக்கு அடியிலோ டெயில் பகுதியிலோ உள்ள கப்ளரை (ஒயர்களைச் சேர்க்கும் சொருகியை) பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் பச்சை பூத்திருக்கும்.

நான்கு பல்பையும் எல்.இ.டி.யாக மாற்றினேன். இப்போது தறி ஓடுகிற வேகத்தில் அடிக்கிறது. ரெசிஸ்டர் வைத்தால் சரியாகும் என்கிறார்கள். வைக்கலாமா?
(வாசகர், திருப்பூர்)

வைக்கலாம், ஆனால் நாங்கள் ஃபிளாஷரை மாற்றச் சொல்வோம்.

எல்.இ.டி. ஒன்று 1, 2 வாட்தான் இழுக்கும். 20 வாட்டை எதிர்பார்த்திருக்கும் ஃபிளாஷருக்கு இது பல்பு போனது போலத்தான் தெரியும். ரெசிஸ்டர் என்பது அந்தக் குறையைப் பொய்யாக நிரப்புவது. ஒரு பக்கத்துக்கு 10 ஓம் ரெசிஸ்டரை இண்டிகேட்டர் ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே போட்டால் எரியும் நேரத்தில் சுமார் 18 வாட் இழுக்கும். அவ்வளவும் சூடாகவே வெளியேறும். குறைந்தது 25 வாட் தாங்கும், அலுமினிய உறை போட்ட ரெசிஸ்டரை உலோகச் சட்டத்தில் ஸ்குரூ போட்டுப் பொருத்த வேண்டும். சைடு பேனலுக்குள் டேப் சுற்றி விட்டால் பிளாஸ்டிக்கும் பக்கத்து ஒயரும் உருகும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க எல்.இ.டி. போட்டுவிட்டு, அதை ரெசிஸ்டரில் எரிப்பதில் என்ன லாபம்?

எல்.இ.டி.க்கென்றே வரும் எலக்ட்ரானிக் ஃபிளாஷர் எவ்வளவு குறைந்த லோடிலும் ஒரே வேகத்தில் அடிக்கும். பழையது இரண்டு பின் என்றால் அதில் பி, எல் என்று இருக்கும்: பி-க்குச் சாவி வழியாக பிளஸ் வரும், எல்-லிலிருந்து சுவிட்சுக்குப் போகும். புதியது மூன்று பின் என்றால் ஈ என்ற மூன்றாவதற்குத் தனியாக எர்த் இழுக்க வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி பின்களின் வரிசை மாறும். பழையதன் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு சொருகாமல், எழுத்தைப் பார்த்து ஒயரை மாற்றிக்கொள்ளுங்கள்.

டி10 எல்.இ.டி. எரியவில்லை என்றால் அதைக் கழற்றி அரை வட்டம் திருப்பிச் சொருகிப் பாருங்கள். பிளஸ், மைனஸ் மாறியிருக்கலாம்.

எல்.இ.டி.யும் அதற்கான ஃபிளாஷரும் போட்டாயிற்று. வேகம் சரி. ஆனால் இடது போட்டாலும் வலது போட்டாலும் நான்கும் சேர்ந்து அடிக்கிறது. ஒயரிங் கிட் போய்விட்டதா?
(வாசகர், ஈரோடு)

கிட் நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் வண்டியின் மீட்டர் போர்டில் இண்டிகேட்டருக்கு இடது, வலது என்று தனித்தனி விளக்கு இல்லாமல் பொதுவாக ஒன்றே ஒன்று இருக்க வேண்டும். அப்படித்தானே?

அந்தச் சின்ன பல்பின் ஒரு முனை இடது ஒயரிலும் மறுமுனை வலது ஒயரிலும் இருக்கும். இடது அடிக்கும்போது அதன் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் வலது பல்புகளுக்குப் போய், அங்கிருந்து எர்த்துக்கு இறங்கும். பழைய 10 வாட் பல்பு அவ்வளவு குறைந்த மின்சாரத்தில் எரியாது. எர்த்துக்கு வழி காட்டுவதோடு சரி. எல்.இ.டி.க்கு அதுவே தாராளம், எரிந்துவிடும்.

மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4007 டயோடு இரண்டு வாங்குங்கள், எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும். மீட்டர் பல்பின் இரண்டு ஒயர்களையும் பிரித்து, இடது ஒயருக்கு ஒரு டயோடு, வலது ஒயருக்கு ஒரு டயோடு பொருத்துங்கள். வெள்ளிக் கோடு போட்ட முனைகள் இரண்டும் மீட்டர் பல்பைப் பார்த்து இருக்க வேண்டும். அந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து பல்பின் ஒரு முனைக்குக் கொடுங்கள். பல்பின் மறுமுனையை எர்த்தில் சேருங்கள். ஈயம் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடுங்கள். இன்சுலேஷன் டேப் நம் ஊர் சித்திரை வெயிலுக்கு ஒரு வருடம்கூட ஒட்டி நிற்காது. இனி மின்சாரம் இரண்டு பக்கத்திலிருந்தும் மீட்டர் பல்புக்கு வரும், எதிர்ப்பக்கம் போகாது.

இரவில் பளிச்சென்று தெரியட்டும் என்று 10 வாட்டுக்குப் பதில் 21 வாட் பல்பு போட்டேன். அதே ஹோல்டரில் ஏறியது. இப்போது லென்ஸ் உள்பக்கம் பழுத்திருக்கிறது.
(வாசகர், பெருந்துறை)

உடனே கழற்றுங்கள். ஹோல்டரில் ஏறுவதால் பொருத்தமான பல்பு என்று ஆகிவிடாது. ஒரு பக்கத்துக்கு 42 வாட், 3.5 ஆம்பியர் ஆகிறது. சின்ன லென்ஸுக்குள் இரண்டு மடங்குச் சூடு. அடுத்து ரிஃப்ளெக்டரின் பூச்சு உதிரும், அதற்கடுத்து ஃபிளாஷர் போகும். வெளிச்சம் போதவில்லை என்றால் ரிஃப்ளெக்டரைத் துடையுங்கள், வெளுத்த லென்ஸை மாற்றுங்கள். அந்த இரண்டிலேயே வித்தியாசம் தெரியும்.

திம்பம் ஏறும்போது மட்டும் முன் வலது இண்டிகேட்டர் நின்றுவிடுகிறது. சமவெளியில் ஒரு குறையும் இல்லை.
(வாசகர், சத்தியமங்கலம்)

திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் ஹேண்டில் பாரை முழுக்க ஒடிக்கிறீர்கள். சமவெளியில் அவ்வளவு ஒடிக்க வேண்டிய தேவை வருவதில்லை. ஸ்டீயரிங் தலைக்குப் பக்கத்தில் வளைந்து வளைந்து ஒயர் உள்ளே அறுந்திருக்கிறது. மேல் உறை முழுசாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது.

வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, இண்டிகேட்டரை ஆன் செய்து, ஹேண்டிலை மெதுவாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்புங்கள். நிற்கும் இடத்தில் அப்படியே பிடித்துக்கொண்டு ஒயர்க் கொத்தை விரலால் அங்குலம் அங்குலமாக அமுக்கிப் பாருங்கள். அமுக்கும்போது எரிந்தால் இடம் அதுதான். மைனஸைக் கழற்றிவிட்டு, கெட்ட பகுதியை வெட்டி, 0.75 சதுர மி.மீ. பல இழை ஒயர் துண்டு சேர்த்து ஈயம் வைக்கலாம். ஆனால் ஒட்டுப்போட்ட இடம் மறுபடி வளையும் இடத்திலேயே வரக்கூடாது, ஈயம் வைத்த ஒயர் விறைத்து அதன் விளிம்பில் ஒடியும். நான்கு விரல்கடை தள்ளி ஒட்டுங்கள். கடைசியாக, ஹேண்டிலை இரண்டு கோடிக்கும் ஒடித்து ஒயர் இறுக்கமாக இழுபடவில்லை என்று பார்த்துக்கொண்டு டை போடுங்கள். ஹெட்லைட் டூமுக்குள் ஒயரைத் திணிக்கும்போது கிளாம்ப்பில் நசுங்கி இதே கோளாறு வருவதும் உண்டு.

மாதம் ஒரு பல்பு போகிறது. இழை அறுந்தே வருகிறது. ஹெட்லைட்டும் இரண்டு தடவை போய்விட்டது.
(வாசகர், நாமக்கல்)

ஹெட்லைட்டும் சேர்ந்து போகிறது என்று எழுதியதால் பதில் எளிதாகிவிட்டது. சார்ஜிங் வோல்ட்டேஜ் கூடியிருக்கிறது. வோல்ட்டேஜ் 5 சதவீதம் கூடினாலே இழைப் பல்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். இன்ஜின் ஓடாதபோது 12.4-க்கு மேல் இருக்க வேண்டும். ஓடவிட்டு, 4,000, 5,000 ஆர்.பி.எம். வரை ஏற்றினால் 14-லிருந்து 14.8-க்குள் நிற்க வேண்டும். 15-ஐத் தாண்டினால், சார்ஜிங் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ஆர்.ஆர். யூனிட்டை (ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்) மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன் பேட்டரி முனைகள் முடுக்கமாக இருக்கின்றனவா, ஆர்.ஆர். யூனிட்டின் எர்த் சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி முனை தளர்ந்து விட்டுவிட்டுத் தொட்டாலும் வோல்ட்டேஜ் எகிறி இதே வேலையைச் செய்யும். பேட்டரி செத்த வண்டியைக் கிக்கரில் அடித்தே மாதக்கணக்கில் ஓட்டுபவர்களுக்கும் இது பொருந்தும்.

இண்டிகேட்டர் மட்டும் போகிறது, மல்டிமீட்டரில் வோல்ட்டேஜ் சரியாகக் காட்டுகிறது என்கிற மற்ற வாசகர்களுக்கு: அதிர்வுதான் காரணம். தண்டின் ரப்பர் புஷ் கல்லாகியிருக்கும். புஷ்ஷை மாற்றுங்கள்.

இரண்டு பக்கமும் சுத்தமாக வேலை செய்யவில்லை. ஹாரன் அடிக்கிறது, பிரேக் லைட் எரிகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?
(வாசகர், அவிநாசி)

நான்கு பல்பும் ஒரே நாளில் போகாது. எனவே லென்ஸைத் தொட வேண்டாம். ஹாரனும் பிரேக் லைட்டும் வேலை செய்வதால் மெயின் ஃபியூஸும் பெரும்பாலும் நலம். இண்டிகேட்டருக்கென்று தனி ஃபியூஸ் இருக்கும் வண்டியானால் அதை மட்டும் பாருங்கள். மாற்றினால் அதில் எழுதிய ஆம்பியரிலேயே போடுங்கள். சிகரெட் தாள் சுற்றுவது, கம்பி கட்டுவது எல்லாம் ஒயரிங்கை எரிக்கும் வேலை.

மிச்சம் ஃபிளாஷரும் சுவிட்சும். ஃபிளாஷரைக் கழற்றி, கப்ளரில் பி, எல் இரண்டையும் ஒரு சின்ன ஒயர் துண்டால் இணையுங்கள். மூன்று பின் என்றால் எர்த் முனையில் அந்த ஒயர் படவே கூடாது. பட்டால் ஃபியூஸ் போகும். சாவியைப் போட்டு இடது பக்கம் தள்ளுங்கள். இரண்டு பல்பும் அணையாமல் எரிந்தால் பல்பு, ஒயர், சுவிட்ச் எல்லாம் சரி, ஃபிளாஷர்தான் போயிருக்கிறது. எரியாவிட்டால் பி முனையில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அடுத்தது சுவிட்ச்.

இடது கைப்பிடிச் சுவிட்ச் பெட்டியை அடியிலுள்ள இரண்டு ஸ்குரூவைக் கழற்றிப் பிரிக்கலாம். அகலமான தட்டை அடியில் வைத்துக்கொண்டு பிரியுங்கள். உள்ளே மிளகு அளவில் ஒரு ஸ்டீல் குண்டும் அதற்கு ஒரு ஸ்பிரிங்கும் இருக்கும். தெறித்து மண்ணில் விழுந்தால் கிடைக்காது, பிறகு முழுச் சுவிட்சும் வாங்க வேண்டியதுதான். செம்புத் தொடுமுனைகளைக் காண்டாக்ட் கிளீனரால் துடைத்து, கருத்த இடத்தை நைசான உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்து, குண்டு உருளும் பள்ளத்தில் மட்டும் துளி கிரீஸ் வையுங்கள்.

பால் கேன் கட்டினால் பின் இண்டிகேட்டர் தண்டு ஒடிந்துகொண்டே இருக்கிறது.
(வாசகர், காங்கேயம்)

இரும்புத் தண்டாக மாற்றினால் ஒடியாது என்று பலர் மாற்றுகிறார்கள். கேன் இடித்தால் அப்போது தண்டுக்குப் பதில் டெயில் பேனலே கிழியும். ரப்பரில் வளைந்து கொடுக்கும் தண்டுதான் உங்களுக்குத் தோது. அதோடு, கேன் மாட்டும் கம்பியை இண்டிகேட்டருக்கு ஒரு சாண் முன்னால் தள்ளி வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். கேன் உயரத்தில் இண்டிகேட்டர் மறைந்துபோனால், பின்னால் வருபவருக்கு நீங்கள் திரும்புவது தெரியாது. கேன் கட்டியபிறகு பின்னால் பத்தடி தள்ளி நின்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளை லென்ஸ் போட்டிருக்கிறேன். நீலமும் வெள்ளையுமாக அடிக்கும் பல்பு போடலாமா?
(வாசகர், கரூர்)

கூடாது. மோட்டார் வாகன விதிப்படி இண்டிகேட்டர் ஒளி ஆரஞ்சு கலந்த மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும். வெள்ளை லென்ஸ் என்றால் ஆரஞ்சுப் பல்பு. பூச்சு உரிந்து வெள்ளையாக அடிக்கத் தொடங்கியதும் மாற்றிவிடுங்கள். ஆரஞ்சு லென்ஸுக்குள் எல்.இ.டி. போடுபவர்களும் ஆரஞ்சு எல்.இ.டி.யே வாங்குங்கள், வெள்ளை போட்டால் வெளிறித் தெரியும்.

லென்ஸுக்குள் பனி பூத்தமாதிரி நீர் படிகிறது. சிலிகான் வைத்து முழுக்க அடைத்துவிடலாமா?
(வாசகர், வால்பாறை)

முழுக்க அடைக்காதீர்கள். லென்ஸின் அடியில் நீர் வடிய ஒரு சின்ன ஓட்டை இருக்கும். ஆழியாற்றிலிருந்து மேலே வரும்போது 40 வளைவுக்குள் வெப்பம் வெகுவாக இறங்கிவிடுகிறது. உள்ளிருக்கும் காற்றின் ஈரம் குளிர்ந்த லென்ஸில் படியத்தான் செய்யும். ஓட்டை திறந்திருந்தால் தானாகவே காய்ந்துவிடும். அதில் சேறு அடைத்திருந்தால் ஊசியால் குத்தி எடுங்கள். ரப்பர் வளையம் கிழிந்திருந்தால் மாற்றுங்கள். லென்ஸைத் தலைகீழாக மாட்டியிருந்தால் ஓட்டை மேலே போய், மழை நேராக உள்ளே இறங்கும், அதையும் பாருங்கள். வாட்டர் சர்வீஸ் செய்யும்போது பம்ப் முனையை இண்டிகேட்டருக்கு நேராக நீட்ட விடாதீர்கள்.

திரும்பிய பிறகு அணைக்க மறந்துபோகிறது. பீப் சத்தம் வரும் பஸர் வாங்கி ஃபிளாஷரில் கொடுத்தேன். சாவி போட்டதுமே கத்துகிறது.
(வாசகர், திருச்செங்கோடு)

ஃபிளாஷரின் எல் முனையில் நேராகக் கொடுத்திருக்கிறீர்கள். பல வண்டிகளில் சுவிட்ச் நடுவில் இருக்கும்போதும் அந்த முனையில் மின்சாரம் நிற்கும். அதனால் கத்துகிறது. பஸரின் சிவப்பு ஒயரை அங்கிருந்து எடுத்துவிட்டு, ஈரோடு வாசகருக்குச் சொன்ன அதே இரண்டு டயோடு முறையில் இடது, வலது ஒயர்களிலிருந்து சேர்த்துக் கொடுங்கள். வெள்ளிக் கோடு பஸரைப் பார்த்து இருக்கட்டும். கறுப்பு எர்த்துக்கு. ஏற்கெனவே ஒற்றை மீட்டர் விளக்குக்கு டயோடு போட்டிருந்தால் புதிதாக வாங்க வேண்டாம். வெள்ளிக் கோடுகள் சேரும் இடத்திலேயே பஸரின் சிவப்பையும் சேர்த்துவிடுங்கள்.